இரண்டாம் சிலிண்டர்

சிபாயிஷ் ஊரில் அந்த வாரம் மிச்சமிருந்தவை எருமைகளும் நாய்களும் நடக்கமுடியாதவர்களும்தான். மற்ற எல்லாரும் கர்பலாவுக்குப் போய்விட்டார்கள். அங்கே அடங்கியிருக்கும் இமாமின் நாற்பதாம் நாள் துக்கத்துக்கு நடந்தே போகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே கறுப்புக் கொடியோடு கிளம்பினார்கள். நடப்பவர்களுக்கு வழிநெடுகப் பந்தல் போட்டுச் சோறாக்கிப் போடுகிறவர்கள் அண்டாவும் அரிசி மூட்டையுமாக லாரியில் போனார்கள். ஊரில் இருந்த வேனும் டாக்சியும் கடைசி ஆட்களை ஏற்றிக்கொண்டு போனதோடு சரி, எதுவும் திரும்பவில்லை. மெக்கானிக் கடை, டயர்க் கடை, வயரிங் கடை எல்லாவற்றிலும் பூட்டு. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்கூட யாத்திரைப் பாதைக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இக்லாஸின் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

புதன்கிழமை, மூன்று மணி வெயில். பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தவள், வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் பார்த்தாள். இஞ்சின் படம் போட்ட சின்ன விளக்கு. அணைத்துவிட்டுத் திரும்பச் சாவியைத் திருகினாள். எரிந்தது. இன்னொரு தரம் செய்தாள். அப்போதும் எரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குள் மகள் தபாரக்கை நாசிரிய்யாவில் கொண்டு சேர்த்தாக வேண்டும். தொண்ணூறு கிலோமீட்டர். பிள்ளைக்கு ஏழு வயது, தலசீமியா. உடம்பில் நல்ல இரத்தம் தானாக ஊறாது. மூன்று வாரத்துக்கு ஒருதரம் யாரோ கொடுத்த இரத்தத்தை ஏற்றினால்தான் நடமாடுவாள். இந்தத் தடவை அவளுக்குச் சேர்கிற இரத்தம் கிடைக்காமல் நாலு வாரம் தாண்டிவிட்டது. முந்தின நாள்தான் இரத்தம் ஏற்றும் மையத்திலிருந்து போன் வந்தது. இரத்தம் வந்துவிட்டது, வியாழன் பத்துக்குள் வாருங்கள், விட்டால் நாலு நாள் விடுமுறை என்றார்கள். பிள்ளையின் உதடு சுண்ணாம்பாய் வெளுத்துக் கிடந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

எப்போதும் கூட்டிப்போகிறவன் முஹைசின், அவள் புருஷன். இக்லாஸ் ஒருதரம்கூட அந்த மையத்தின் படி ஏறியதில்லை. வீட்டில் ஆறு எருமைகள். விடியற்காலையும் சாயங்காலமும் கறக்க வேண்டும். எருமை ஆளைத் தெரிந்து வைத்திருக்கும், வேறு கை பட்டால் பாலை இழுத்துக்கொள்ளும். கறந்த பாலைக் காய்ச்சி, ராத்திரி முழுக்க ஆறவைத்து, மேலே படிகிற கெட்டி ஏட்டை மடித்து எடுத்துக் கடைக்குக் கொடுத்தால்தான் அடுப்பெரியும். போன வருஷம் முஹைசின் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே அந்த ஏட்டுத் தட்டுகளைக் கடைகளில் போடத்தான். ஊருக்குள்ளும் கரைமேட்டுப் பாதையிலும் ஓட்டியிருக்கிறாள், நெடுஞ்சாலைப் பக்கம் போனதில்லை.

முஹைசின் எட்டு நாளாகக் கர்பலாவில் இருந்தான். ஊர்ப் பந்தலில் அவன்தான் தலைமைச் சமையல். கொண்டைக்கடலையும் கறியும் வேகவைத்து, ஆளுயரக் கட்டையால் இடித்துக் கிண்டுகிற கீமாவுக்கு அவனை விட்டால் கை இல்லை என்று ஊரே சொல்லும். இரத்தம் வந்த சேதியைச் சொன்னபோது போனில் பதறினான்.

“நீ போவாண்டாம், இக்லாஸ். நான் எப்படியாவது வந்துருதேன்.”

“எதுல வருவீய? இந்தப் பக்கமா ஒரு வண்டி வருதா? கோடிச் சனம் அந்தப் பக்கம் நடக்கு.”

“நீ போகக்கூடாது. சொன்னாக் கேளு...”

அதற்குள் லைன் அறுந்தது. அத்தனை கூட்டத்தில் போன் கிடைப்பதே அபூர்வம். தன் ஓட்டுதலில் அவனுக்கு நம்பிக்கையில்லை என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது கோபம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. முஹைசினின் அக்கா ஹஸ்னா, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஐம்பது வயது. கல்யாணம் வேண்டாம் என்று தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டவள். வாயும் பெரிது, மனசும் பெரிது.

“என்னட்டி, வண்டிக்குள்ளேயே உக்காந்திருக்க? வெந்து போவ.”

“மைனி, விளக்கு எரியுது.”

“பட்டப்பகல்ல எதுக்கு விளக்கு போட்ட?”

“நான் போடல. அதுவா எரியுது. இஞ்சின்ல ஏதோ கோளாறு.”

ஹஸ்னா குனிந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் மார்பில் தட்டிக்கொண்டாள்.

“கண்ணு பட்டுருச்சு! பங்குல எத்தன பேரு நின்னானுவ? பொம்பள வண்டி ஓட்டுதான்னு வாயைப் பொளந்துட்டுப் பாத்திருப்பானுவ. போன மாசம்தான் அந்த சுக்கு வியாபாரி சொன்னான், ஏட்டுத் தட்டோட உன் தம்பி பொண்டாட்டி பறக்கான்னு. அன்னைக்கே எனக்கு மனசு சரியில்ல.”

“கண்ணும் இல்ல மூக்கும் இல்ல மைனி. கருவி இருக்கு, அதுல பாத்தாத் தெரியும்.”

அது அமெரிக்காவில் எங்கேயோ மோதி, ஏலத்துக்குப் போய், கப்பலேறி வந்து, பஸ்ராவில் தட்டி நிமிர்த்தின வண்டி. அந்தப் பக்கம் பாதி வண்டி அப்படித்தான். அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவன் ஸ்பானர் வைத்திருக்கிறானோ இல்லையோ, தீப்பெட்டி அளவில் அந்தக் கருவியை வைத்திருப்பான். ஸ்டியரிங்குக்கு அடியில் செருகினால் கோளாறின் எண்ணை போனில் காட்டும். முஹைசினின் கருவி டேஷ்போர்டுப் பெட்டியில் கிடந்தது. அதோடு சேர்வது அவனுடைய உடைந்த பழைய போன். இப்போது தபாரக் அதில்தான் பொம்மைப் படம் பார்க்கிறாள்.

பிள்ளை கூடத்தில் ஏர்கூலருக்கு முன்னால் சுருண்டு கிடந்தாள். போனை வாங்கியபோது அடம் பிடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

“படம் போயிருமா ம்மா?”

“போவாது. கார் கொஞ்சம் பாக்கட்டும், பாத்துட்டுத் தந்துரும்.”

கருவியைச் செருகி, தட்டுத்தடுமாறி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். வட்டம் சுற்றிச் சுற்றி நின்று ஓர் எண் வந்தது. முன்னால் ஓர் ஆங்கில எழுத்து, பிறகு பூஜ்யம், மூன்று, பூஜ்யம், இரண்டு. அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தைப் படிக்க முடிந்தது, விஷயம் புரியவில்லை. முஹைசினுக்கு ஏழு தரம் போன் போட்டாள். ஏழு தரமும் ஒரு பெண் குரல், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று மரியாதையாகச் சொன்னது.

ஊரில் இஞ்சின் என்றால் என்னவென்று தெரிந்த ஒரே ஆள் ஸைஹூத். தெருவுக்கு மின்சாரம் கொடுக்கிற பெரிய டீசல் ஜெனரேட்டரை அவர்தான் ஓட்டுகிறார். அரசாங்கக் கரண்ட் போகிற நேரமெல்லாம் இவர் கரண்ட்தான். இவர் யாத்திரை போனால் தெருவே வெந்துபோகும் என்பதால் வருஷா வருஷம் அவருக்கு மட்டும் கர்பலா கிடையாது. ஒரு கண்ணில் பார்வையில்லை, அதனால் கார் ஓட்ட மாட்டார். இக்லாஸ் ஜெனரேட்டர் கொட்டகைக்கு ஓடினாள். தெருவில் ஒரு காக்கை இல்லை. வளைகுடாப் பக்கமிருந்து வரும் ஈரக்காற்று சட்டையை உடம்போடு ஒட்டவைத்தது.

ஸைஹூத் எண்ணை அவள் வாயால் சொல்லக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

“தங்கச்சி, நம்ம இஞ்சினுக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. கோளாறுன்னா புகை விடும், இல்லன்னா என்னையத் திட்டும். ஆனா இந்த நம்பர் எனக்குத் தெரியும். என் மச்சினன் டாக்சிலயும் வந்துச்சு. முந்நூறுன்னா சிலிண்டர்ல நெருப்பு சரியாப் பிடிக்கல. கடைசில என்ன நம்பர்?”

“ரெண்டு.”

“அப்ப ரெண்டாவது சிலிண்டர். நாலு பேரு சேந்து பல்லக்குத் தூக்குததுல ஒருத்தன் நடுநடுவுல தோளைக் கொடுக்க மாட்டேங்கான். விளக்கு சும்மா எரியுதா, கண்ணு சிமிட்டுதா?”

“சும்மா எரியுது.”

“சும்மா எரிஞ்சா ஓட்டலாம். சிமிட்டுச்சுன்னா நிப்பாட்டிரணும். சிமிட்டச் சிமிட்ட ஓட்டுனா அடியில சைலன்சர் நெருப்பாப் பழுத்து வண்டியே பத்திக்கும். அஞ்சு நிமிஷம் பொறு, டீசல் ஊத்திட்டு வாரேன்.”

சும்மாதானே எரிகிறது, ஓட்டலாம் என்கிறாரே என்று இக்லாஸுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அது வீட்டு வாசல் வரைதான் தங்கியது. ஸைஹூத் வந்து, “எங்க, ஸ்டார்ட் பண்ணு பாப்போம்” என்றதும் சாவியைத் திருகினாள். வண்டி காய்ச்சல் கண்ட ஆள்போல் கிடுகிடுவென்று நடுங்கியது. இஞ்சின் திக்கித் திக்கி இருமியது. மஞ்சள் விளக்கு சிமிட்டியது, நிறுத்தாமல் சிமிட்டியது.

“அணை! அணை!” என்று ஸைஹூத் கத்தினார்.

இக்லாஸ் அணைத்தாள். சாவி நழுவிக் கீழே விழுந்தது. அரை மணி நேரத்துக்கு முன்னால் ஒழுங்காக ஓடி வந்த வண்டி. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி, நாளைக்குப் போகலன்னா எம்புள்ள அஞ்சாறு நாள் தாங்க மாட்டா. அவ நகத்தைப் பாத்தீயளா? நீலம் பாஞ்சு கெடக்கு.”

“அழாத. அழுதா நட்டு கழறாது. ஸ்பானர் எங்க?”

பானட்டைத் தூக்கினார். இஞ்சின் மேலே இருக்கவேண்டிய பிளாஸ்டிக் மூடி அமெரிக்காவிலேயே உடைந்துபோனது. நாலு சிலிண்டருக்கும் மேலே நெருப்புப்பொறி கொடுக்கிற நாலு காயில்கள் வெறுமனே நின்றன. ஸைஹூத் இரண்டாவதன் வயரைக் கழற்றி, நட்டைத் திருகி, காயிலை மெல்ல மேலே இழுத்தார். சூட்டோடு சூடாகக் குப்பென்று ஒரு வாசனை வந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தங்கச்சி,” என்றார் ஸைஹூத் மெதுவாக, “எனக்குக் கண்ணுதான் ஒண்ணு. மூக்கு நல்லாத்தான் இருக்கு. இது பன்னீர்.”

காயில் நின்ற குழிக்குள் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அடுத்த குழியிலும் அப்படியே. ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

இக்லாஸ் திரும்பிப் பார்த்தாள். ஹஸ்னா வாசற்படியில் முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“மைனி?”

“நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

“என்ன செஞ்சீய?”

“ஸையிது வீட்டம்மா ஓதிக் கொடுத்த தண்ணி. புள்ளைக்குன்னு வாங்கி வச்சது. அதுல பன்னீரும் ஒரு கை உப்பும் போட்டு... கண்ணு கழியணும்னா உப்பு போடணும்லா. லேசாத் தெளிக்கத்தான் நெனச்சேன். அப்புறம், ஒரு சொம்பு முழுக்க ஊத்துனா ஒரேயடியாப் போயிரும்னு...”

“ஒரு சொம்பா!” ஸைஹூத் தலையில் கை வைத்தார். “அம்மா தாயே, மனுஷன் மேல ஊத்துனா கண்ணு கழியும். கரண்டு மேல உப்புத் தண்ணி ஊத்துனா எல்லாமே கழிஞ்சிரும்.”

“உமக்கு ஈமான் கிடையாது. அதான் உம்மள இமாம் கூப்பிடவே மாட்டேங்காரு.”

“நான் போயிட்டா உங்க ஏர்கூலரை யாரு சுத்துவா?”

இக்லாஸுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. ஹஸ்னாவின் முகத்தைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. அந்தத் தண்ணீருக்காக அவள் வெயிலில் இரண்டு மைல் நடந்துபோய் வந்தது இக்லாஸுக்குத் தெரியும். பிள்ளைக்கு என்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை வண்டிக்கு ஊற்றியிருக்கிறாள். பயந்துதான் ஊற்றியிருக்கிறாள். தனக்கிருக்கிற அதே பயம்தான் அது என்று நினைக்க இன்னும் பயமாக இருந்தது.

“நாணல் குச்சி கொண்டாங்க மைனி,” என்றாள். “பழைய பனியன் துணியும்.”

நாணல் குச்சி முனையில் துணியைச் சுற்றிச் சுற்றிக் குழிக்குள் விட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். ஹஸ்னா துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். நல்ல தண்ணீரில் நனைத்து உப்பைத் துடைத்தார்கள், திரும்ப ஒற்றினார்கள். அப்புறம் இக்லாஸ் தன் கல்யாணத்துக்கு வந்த முடி உலர்த்துகிற மெஷினை எடுத்துவந்தாள். அரசாங்கக் கரண்ட் இருந்த நேரம், ஆனால் அது நாய் மூச்சு விடுகிறமாதிரி வந்தது, மெஷின் சூடாகவில்லை. ஸைஹூத் கொட்டகைக்கு ஓடி, நேரம் கெட்ட நேரத்தில் ஜெனரேட்டரை ஓட்டினார். தொழுவத்தில் எருமைகள் கறவை நேரமாகிவிட்டதென்று கத்தின. இக்லாஸ் ஓடிப்போய்ப் பாதி கறந்தாள், திரும்ப ஓடிவந்தாள். கையில் பாலும் கிரீஸும் ஒன்றாக ஒட்டியது.

ஆறு மணிக்குக் காயில்களைத் திரும்ப மாட்டினார்கள். ஸ்டார்ட் செய்தபோது நடுக்கம் நின்றிருந்தது. சிமிட்டலும் நின்றது. விளக்கு மட்டும் அமைதியாக எரிந்தது. கருவியில் மறுபடியும் அதே எண், கடைசியில் இரண்டு.

“பாத்தீரா,” என்றாள் ஹஸ்னா. “என் தண்ணிக்கு முன்னாலயே கோளாறு இருந்துருக்கு.”

“யாரு இல்லன்னா? நீங்க நோயாளிக்கு நோயைக் கூட்டி விட்டீய, அவ்வளவுதான்.” ஸைஹூத் இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி வைத்தார். “தங்கச்சி, இப்ப ஓட்டுவோம். நம்பர் ரெண்டுலயே நின்னா வியாதி உள்ள இருக்கு, நம்மால ஆகாது. மூணுக்குப் போச்சுன்னா காயில்தான் வியாதி.”

தெருவில் மூன்று சுற்று ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் உதடு ஏதோ ஓதியது. நிறுத்திக் கருவியில் பார்த்தாள். மூன்று.

“மூணு! அண்ணாச்சி, மூணு!”

ஸைஹூத் அந்தக் காயிலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அடியிலிருந்த ரப்பர் உறையில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. நெருப்பு போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் அந்த விரிசல் வழியாகக் கசிந்திருக்கிறது. புதுக் காயிலுக்கு எங்கே போவது? ஜெனரேட்டர் வயருக்குச் சுற்றுகிற சூடு தாங்கும் டேப்பை எடுத்து, இழுத்து இழுத்து ஐந்து சுற்றுச் சுற்றித் திரும்ப மாட்டினார்.

“இது ஒரு நாளைக்குத் தாங்கும். போயிட்டு வந்தபொறவு முஹைசின் புதுசு வாங்கட்டும். அறுபதுக்கு மேல மிதிக்காத. ஏசி போடாத. சரி, போனைக் கொடு. விளக்கை அழிச்சு விட்டுருதேன்.”

“அழிக்க முடியுமா?”

“ஒரு அமுக்கு அமுக்கினா எல்லாம் அழிஞ்சிரும். அம்புட்டுப் பயலும் அப்படித்தான் வண்டி விக்கான்.”

அவர் காட்டிய இடத்தில் விரலை வைக்கப்போனவள், பக்கத்தில் ‘பழைய பதிவுகள்’ என்று இருந்ததைத் தெரியாமல் தொட்டுவிட்டாள். ஒரு வரிசை விரிந்தது. ஏப்ரல் பத்தொன்பது, அதே எண், கடைசியில் இரண்டு, அழிக்கப்பட்டது. மே பத்து, அதே எண், அழிக்கப்பட்டது. மே முப்பத்தொன்று. ஜூன் இருபத்தொன்று. ஜூலை பன்னிரண்டு. எல்லாம் அழிக்கப்பட்டது.

மூன்று வாரத்துக்கு ஒன்று. எல்லாம் இரத்தம் ஏற்றப் போவதற்கு முந்தின நாள்.

இக்லாஸ் அப்படியே வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். விளக்கு இன்றைக்குப் புதிதாக வந்ததல்ல. வசந்த காலத்திலிருந்தே விட்டு விட்டு எரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முஹைசின் அதை அழித்துவிட்டு, பிள்ளையை ஏற்றிக்கொண்டு, சிரித்துக்கொண்டு கையாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஐந்து தடவை. வழியில் பற்றியிருந்தால்? நடு வெயிலில் நின்றிருந்தால்?

“அந்தப் பய புத்தி எனக்குத் தெரியாதா,” என்றாள் ஹஸ்னா. “சின்னப்புள்ளையிலயே தேள் கொட்டினாக் கையைப் பின்னால மறச்சுக்குவான். அம்மா பயந்துருவாளாம்.”

“அழிக்கட்டுமா தங்கச்சி?” என்றார் ஸைஹூத்.

“வேண்டாம் அண்ணாச்சி. எரியட்டும். எனக்குத் தெரியணும்.”

விடியற்காலை நாலரைக்கு எழுந்தாள். ராத்திரி தூங்கினாள் என்று சொல்ல முடியாது. எருமை கறக்கும் பொறுப்பு ஹஸ்னாவுக்கு. வாசனை மாறினால் எருமை உதைக்கும் என்று இக்லாஸின் பழைய அபாயா அங்கியைப் போட்டுக்கொண்டு அவள் தொழுவத்துக்குப் போனாள். போகும்போது, “நான் ஒண்ணும் ஊத்தல, கர்பலா அப்பாஸ் மேல ஆணை, பானட்டை எட்டிக்கூடப் பாக்கல” என்றாள். பிறகு திரும்பி வந்து, துணியில் சுற்றிய அரிசிமாவு ரொட்டியும் ஒரு கிண்ணம் ஏடும் பேரீச்சம் பாகும் முன்சீட்டில் வைத்தாள். தபாரக்கின் நெற்றியில் முத்தமிட்டவள் சீக்கிரம் விலகவில்லை.

“சீக்கிரம் வந்துரு ராசாத்தி. எருமைலாம் என்னைய மதிக்காது.”

இருட்டு கலைகிற நேரத்தில் கரைமேட்டுப் பாதையில் வண்டி ஏறியது. இடது பக்கம் சதுப்புநிலம் தண்ணீர் வற்றி, வெடித்த சேறாகக் கிடந்தது. இக்லாஸ் பாதையைப் பார்த்ததைவிட விளக்கைத்தான் அதிகம் பார்த்தாள். எரிந்துகொண்டிருந்தது. ஐம்பது, ஐம்பத்தைந்து. ஸ்டியரிங் வியர்வையில் வழுக்கியது. பின்னால் தபாரக் ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் இவள் கூப்பிடுவாள்.

“தபாரக்?”

“ம்.”

“சும்மாதான்.”

ஃபுஹூத் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் கையைக் காட்டி நிறுத்தினான். ஜன்னலில் குனிந்து அவளைப் பார்த்தான், பின்னால் பிள்ளையைப் பார்த்தான். லைசென்ஸ் கேட்பான் என்று பயந்தாள். அவளிடம் அது இல்லை.

“எங்க போறீய தாயி, ஊரே காலியா இருக்கு?”

“புள்ளைக்கு ரெத்தம் ஏத்த.”

அவன் கம்பியைத் தூக்கிவிட்டான். “உங்க வண்டில மஞ்ச விளக்கு எரியுது, பாத்துக்கிடுங்க.”

“தெரியும் தம்பி.”

பாலத்து ஏற்றத்தில்தான் அது நடந்தது. ஏறுவதற்குக் கொஞ்சம் மிதித்தாள். வண்டி குலுங்கியது. விளக்கு சிமிட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. இக்லாஸ் அலறிவிட்டாள். காலை எடுத்து, ஓரத்தில் ஒதுக்கி, சாவியைத் திருகி அணைத்துவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே குதித்தாள். முப்பது அடி தள்ளி ஓடிப்போய் நின்றாள். வண்டி பற்றவில்லை. புகையும் இல்லை. யாத்திரைக்காரர்கள் விட்டுப்போன ஒரு காலிப் பந்தல், கிழிந்த கறுப்புக் கொடி, கவிழ்ந்த தண்ணீர் டிரம். சாலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு ஈ காக்கை இல்லை. ஏழு மணி வெயில் அதற்குள் சுட்டது. பிள்ளையின் நெஞ்சு அவள் தோளில் படபடவென்று அடித்தது, குருவிக்குஞ்சைப் பிடித்த மாதிரி.

“ம்மா, நாம செத்துருவமா?”

“சீ. யாரு சொன்னா?”

“நீதான கத்துன.”

“கால்ல எறும்பு கடிச்சிருச்சு.”

சொன்ன உடனே அவளுக்கே உறைத்தது, தானும் மறைக்கிறோமே என்று. பிள்ளையைத் தரையில் இறக்கி நிறுத்தி, அவள் உயரத்துக்குக் குனிந்தாள்.

“இல்ல, எறும்பு இல்ல. வண்டிக்குக் கோளாறு. அம்மைக்குப் பயம் வந்துட்டு. கொஞ்சம் ஆறட்டும், மெதுவா ஏத்திப் பாப்போம். திரும்பவும் சிமிட்டுச்சுன்னா ஒன்னத் தூக்கிட்டு நடப்பேன்.”

“எம்புட்டுத் தூரம்?”

“முப்பது கிலோமீட்டரு.”

“கர்பலாவுக்கு எல்லாரும் அதுக்கு மேல நடக்காவல்லா,” என்றாள் பிள்ளை.

ஒரு கால் மணி நேரம் கழித்து, முதல் கியரில் வைத்து, நத்தை மாதிரி பாலத்தில் ஏற்றினாள். விளக்கு எரிந்தது, சிமிட்டவில்லை. இறக்கத்தில் மூச்சை விட்டாள். எட்டே முக்காலுக்கு நாசிரிய்யா மையத்தின் வாசலில் வண்டியை நிறுத்தினாள். காவலாளி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டான்.

உள்ளே ஊசி ஏறியது. சிவப்புப் பை கம்பியில் தொங்கியது. முதல் சொட்டு இறங்குவதைப் பார்த்ததும் இக்லாஸ் சுவரில் சாய்ந்து, முக்காட்டுக்குள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

டாக்டர் லமீஆ கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தார். நாற்பது வயதிருக்கும். அவசரமாகப் பேசுகிறவர்.

“நீங்கதான் அம்மாவா? முத முறையா பாக்கேன். நல்லது, அப்பா வராததும் நல்லதுதான். உங்ககிட்டயே கேட்டுருதேன். ராத்திரி ஊசிப் பம்பு ஒழுங்காப் போடுதீங்களா?”

“எந்தப் பம்பு டாக்டரம்மா?”

டாக்டர் கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

“ஏப்ரல்ல கொடுத்தோம்லா. ரெத்தம் ஏத்த ஏத்த உடம்புல இரும்பு சேருது. மாத்திரை பத்தல. தோலுக்கு அடியில சின்ன ஊசி குத்தி, ராத்திரி முழுக்க மருந்து இறங்கணும். இங்க ஒருதரம் குத்திக் காட்டினோம், புள்ள ரொம்ப அழுதா, அவங்க அப்பா வெளிய ஓடிட்டாரு. அப்புறம் வந்து, வீட்டுல அம்மா போடுதா, நல்லாப் போகுதுன்னாரு. ஒவ்வொரு தடவையும் அதத்தான் சொல்லுதாரு. ஆனா இரும்பு ஏறிட்டே இருக்கு. எனக்கு விளங்கவேயில்ல.”

“எங்கிட்ட அவரு, மாத்திரையே போதும்னு நீங்க சொன்னதாச் சொன்னாரு.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லயே.” டாக்டர் குரலைத் தாழ்த்தினார். “அம்மா, உக்காருங்க. இது இதயத்துல படியுத இரும்பு. இன்னும் கைமீறிப் போகல. ஆனா இனி ஒரு ராத்திரிகூட விடக்கூடாது.”

பாலத்தில் வந்தது ஒரு பயமே இல்லை என்று இப்போது தெரிந்தது. அங்கே இறங்கி ஓட முப்பது அடி இடம் இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை ரொட்டித் துண்டில் ஏட்டைத் தடவிப் பாகைத் தொட்டுத் தின்றுகொண்டு, இவளைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

“சொல்லிக் கொடுங்க டாக்டரம்மா,” என்றாள். “எருமைக்கு நான் ஊசி போட்டுருக்கேன். இதையும் கத்துக்கிடுதேன்.”

நர்ஸ் அவள் கையைப் பிடித்து ஒரு ஆரஞ்சுப் பழத்தில் குத்தக் கற்றுக்கொடுத்தாள். முதல் நாலு தரம் ஊசி கோணலாகப் போனது. ஐந்தாம் தரம் நேராக இறங்கியது.

இரண்டு மணிக்கு போன் அடித்தது. முஹைசின். பின்னால் அண்டாவில் கட்டை இடிக்கிற சத்தமும், ஒலிபெருக்கிப் புலம்பலும், ஆயிரம் பேர் நடக்கிற இரைச்சலும் கேட்டன.

“இக்லாஸ்! எங்க இருக்க? போய்ச் சேந்துட்டியா? வண்டி நல்லா ஓடிச்சா? புள்ள எப்படி இருக்கா?”

“ரெத்தம் ஏறுது.”

“அல்ஹம்துலில்லாஹ்! நான் பயந்தே போயிட்டேன். டாக்டரைப் பாத்தியா?”

பிள்ளைக்குக் கேட்காதபடி அவள் எழுந்து வராந்தாவுக்கு வந்தாள்.

“பம்பை எங்க வச்சிருக்கீய?” என்றாள்.

“தீவனக் கொட்டகையில. பரண்மேல.” அவன் அழுவது கேட்டது. “அவ அழுததைப் பாத்திருந்தா நீயும் அப்படித்தான் செஞ்சிருப்ப. எப்படியும் சரியாயிரும்னு நெனச்சேன். மருந்து, ஓதல், துஆ... ஒனக்கு ஒண்ணும் தெரியாண்டாம்னு நெனச்சேன்.”

திட்டுவதற்கு அவளிடம் நாலு மாதத்து வார்த்தை சேர்ந்து கிடந்தது. அதை அப்படியே ஒதுக்கி வைத்தாள்.

“நீங்க ஆக்குத சோத்தை வேற ஆளு ஆக்கட்டும். கிடைச்ச வண்டியில ஏறி வாங்க. இன்னைக்கு ராத்திரி ஊசி நான் போடுவேன். நாளையில இருந்து அவ கையைப் பிடிச்சுக்கிட ஆள் வேணும். அவ அழுவா. நீங்க வெளிய ஓடக்கூடாது.”

“எனக்குப் பயமா இருக்கு, இக்லாஸ்.”

“எனக்கும் பயமாத்தான் இருக்கு,” என்றாள். “வாங்க.”